வேலை வேண்டி ஒரு ஸ்டூலின் விண்ணப்பம்

அனுப்புநர்: பிளாஸ்டிக் ஸ்டூல், பட்டுச்சேலைப் பிரிவு, மூன்றாம் மாடி, தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை. (கடையின் பெயரைச் சொன்னால், மறுநாளே பழைய பிளாஸ்டிக்குக்குப் பூண்டு கொடுப்பவரின் வண்டியில் ஏறிவிடுவேன்.)

பெறுநர்: தொழிலாளர் ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: பணி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க 2021 செப்டம்பரில் சட்டப்பேரவைக்கு மசோதா வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வரும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்தப் பிரிவின் புண்ணியத்தில் கடைக்கு வந்து சேர்ந்தவன் நான். முப்பது பேர் நிற்கிற மாடிக்கு இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள்.

வந்த நாள் முதல் எனக்கு வேலை இல்லை. சும்மா இருக்கிறேன் என்று சொல்லிவிடவும் முடியாது. மேல் ரேக்கில் இருக்கும் பெட்டியை எடுக்க என்மேல் ஏறுகிறார்கள். சூப்பர்வைசரின் சாப்பாட்டுப் பை என்மேல்தான் இருக்கும். ஆனால் என்னை எதற்காகப் படைத்தார்களோ அந்த ஒரு வேலை மட்டும் கிடைக்கவில்லை. யாரோ அதிகாரி வருகிறார் என்று கீழ்த்தளத்திலிருந்து போன் வந்தால் என்னைத் துடைத்து வெளியே இழுத்துப் போடுவார்கள். பக்கத்தில் நிற்கும் பெண்ணை, “உக்காரும்மா, உக்காரு” என்று சூப்பர்வைசர் அன்போடு அதட்டுவார். அவள் மிரண்டுபோய் நுனியில் உட்காருவாள். நாளெல்லாம் நின்று பழகியவளுக்கு உட்காருவதற்கும் ஒத்திகை வேண்டியிருக்கிறது.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. வாய்ப்பு வந்தால் உட்காரலாம் என்று தெளிவாகத்தான் இருக்கிறது. வாய்ப்பு வந்தால்தானே? கஸ்டமர் இருந்தால் சேலையை விரிக்க வேண்டும். போனதும் மடிக்க வேண்டும். மடித்து முடித்ததும் படிக்கட்டைப் பார்த்துச் சிரித்தபடி நிற்க வேண்டும். சிரிப்பு குறைந்தால் தலைக்கு மேலே கேமரா இருக்கிறது.

கவுண்டர் வருவதற்கு முன் பட்டுக்கடை என்றால் மெத்தைதான் என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். விற்பவர், வாங்குபவர் இருவரும் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் சம்மணமிட்டுத்தான் பேரம் பேசுவார்களாம். யாருடைய மரியாதையும் குறையவில்லை, வியாபாரமும் படுக்கவில்லை. பிறகு கண்ணாடிக் கவுண்டரும் ஏ.சி.யும் வந்தன. வாங்குபவருக்கு குஷன் நாற்காலி கிடைத்தது, விற்பவருக்குக் கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. கேரளத்தில் 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் வந்தது என்றால், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரரும் ‘பெண்கூட்டு’ அமைப்புப் பெண்களும் உட்காரும் உரிமை கேட்டு வருஷக்கணக்கில் நின்றதுதான் காரணம். எங்கள் மாடியில் நான்கு பேர் சேர்ந்து நின்று பேசினாலே சம்பளத்தில் கட்டிங்.

எங்கள் கவுண்டரில் ஓர் அக்கா இருக்கிறார், தூத்துக்குடிப் பக்கம். நேற்று ஓர் அம்மாள் நாற்பது சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு, “வேற காட்டுங்க” என்றார். அக்கா முகம் சுளிக்கவில்லை. அரக்குச் சேலை ஒன்றைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டி, “பாருங்கம்மா, பின்பக்கம் பல்லுப் பல்லா வரி தெரியுதா? இதுதான் கோர்வை. கரைக்குத் தனி நாடா ஓட்டி உடலோட கோத்து நெய்திருக்கு” என்றார். அம்மாள் தானும் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு முப்பத்தெட்டாயிரத்துக்குப் பில் போட்டார். ஜரிகையைத் தடவியே தரம் சொல்வார் அக்கா. மணப்பெண்ணின் அம்மா சொல்லும் பட்ஜெட்டுக்கும் கையில் இருக்கும் பட்ஜெட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும். பதினொரு வருஷத்தில் கற்றது. இதற்கு நிர்வாகம் போட்டிருக்கும் மதிப்பு, போன மாதம் சேர்ந்த பையனைவிட ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதல்.

ஊழியர் படிக்கட்டில் ‘எங்களோடு உயருங்கள்’ என்று ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். பொய்யில்லை. லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும் என்பதால் எல்லோரும் தினமும் மூன்று மாடி உயர்கிறார்கள்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்று அதே 1947 சட்டம் சொல்வதாகக் கேள்வி. இங்கே காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள், இரவு பத்துக்கு ஷட்டர் இறங்கிய பிறகு மடிப்பு வேலை தொடங்குகிறது. இரட்டிப்புக் கூலி தீபாவளிக்கு அரைக் கிலோ சுவீட் பாக்ஸாக வந்துவிடுகிறது. நான் வருவதற்கு முன்பே, 2019-ல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்ததாம். இன்னொரு ஷிஃப்டுக்கு ஆள் எடுப்பார்கள், ஊரிலிருந்து நாலு பிள்ளைகள் வருவார்கள் என்று அக்கா நம்பியிருக்கிறார். இருந்த ஆளின் ஷிஃப்டை நீட்டினார்கள்.

பணி நிரந்தரத்துக்கென்று 1981-ல் வந்த சட்டமும் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரம். எங்கள் கடையில் அந்த எல்லையை ஒரே பெயரில், ஒரே இடத்தில் தாண்டியவர்கள் நானும் தீயணைப்பு சிலிண்டரும்தான். அக்காவின் பெயர் மட்டும் அவ்வப்போது முதலாளியின் வேறொரு கம்பெனி சம்பளப் பட்டியலுக்குப் பயணம் போய்வரும். ஆள் அதே கவுண்டரில்தான் நிற்பார்.

2010-ல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படத்தில் ஜவுளிக்கடை ஊழியர் படும் பாட்டைப் பார்த்து ஊரே கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடித் தள்ளுபடிக்கும் வந்தது. உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால், “ஏம்மா, யாரும் கவனிக்க மாட்டீங்களா?” என்று கேட்கிற கஸ்டமர் இன்னும் இருக்கிறார். அவரைத் திருத்த ஒரு பிரிவு போட முடியுமா என்று தெரியவில்லை.

ஆகவே, என்மேல் ஆள் உட்கார ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூடவே, அக்கா கற்ற வித்தைக்குச் சம்பளத்தில் படி, கூடுதல் நேரத்துக்குக் கணக்கு, ஒரே பட்டியலில் ஒரே பெயர். இவை என் கோரிக்கை அல்ல. அக்காவால் எழுத முடியாது, ஷிஃப்டு முடியவில்லை.

இப்படிக்கு,
ஸ்டூல் (பணியில் உள்ளதாகக் கணக்குக் காட்டப்படுபவர்)

பி.கு.: ஆய்வுக்கு வருவதானால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, வீட்டில் கல்யாணம் என்று சொல்லி, குடும்பத்தோடு வாருங்கள். உங்களுக்கு குஷன் நாற்காலியும் ரோஸ்மில்க்கும் தருவார்கள். உட்கார்ந்தபடியே, நிற்பவர்களை எண்ணிக்கொள்ளலாம்.