ஏ-வுக்கு ஓர் அரைஞாண்

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் நெற்றியில், உடம்பெல்லாம் வெள்ளையாக, ஓரத்தில் மட்டும் மை பூசி, கால்களில் சின்னஞ்சிறு பாதங்களை ஊன்றிக்கொண்டு ஜமீன்தார் மாதிரி நிற்குமே ஓர் ஆங்கில எழுத்து, அதைத்தான் சொல்கிறேன். அவுட்லைன் செரிஃப் என்கிறார்கள் இப்போது. 1974-ல் கும்பகோணத்தில் நான் அச்சுக்கோக்கப் பழகிய அச்சகத்தில் அதற்குக் ‘கூடு’ என்று பெயர்.

கூட்டில் தலைப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் கூடுதல் காசு. மாப்பிள்ளை பட்டதாரி என்றால் பேரம் பேசாமல் கொடுப்பார்கள். மை ஒரு துளி கூடினாலும் எழுத்தின் உள்ளே இருட்டிவிடும் என்பதால், டிரெடில் அச்சு இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தி, மண்ணெண்ணெய்த் துணியால் நான் அதைத் துடைத்த பக்திக்கு, வீட்டில் ஒருநாளாவது சாமி விளக்கைத் துடைத்திருந்தால் அம்மா மகிழ்ந்திருப்பாள்.

வம்பு வந்தது நாகராஜன் - மங்களம் கல்யாணத்தில். நாகராஜனுக்கு ஆங்கிலத்தில் நாலு ஏ, மங்களத்துக்கு மூன்று. எழுத்துப் பெட்டியில் இருந்ததோ மொத்தமே ஐந்து. வெள்ளைக்காரன் எந்தக் கணக்கில் வார்த்தானோ, நம்மூர்ப் பெயர்கள் அந்தக் கணக்கில் இல்லை. பதினேழு வயது மேதை நான், இரண்டு வி-யை எடுத்துத் தலைகீழாக நிறுத்தினேன். தடித்த கோடு வலப்பக்கம் வந்து, பாதங்களும் கச்சிதமாகத் தரையில் பதிந்தன. வரியைவிட்டுச் சற்றே கீழே இறங்கி நின்றதையும், நடுவே குறுக்குக்கோடு இல்லாததையும் 300 பத்திரிகை ஓடிய பிறகுதான் முதலாளி பார்த்தார். திட்டி ஓய்ந்தபின் பேனாவை என் கையில் திணித்து, “உட்கார்ந்து ஒவ்வொரு ஏ-வுக்கும் அரைஞாண் கட்டுடா” என்றார். 600 அரைஞாண்!

அந்தக் கூடு எந்தச் சீமையில் பிறந்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. 1737-ல் எழுத்தளவுக்குப் பாயிண்ட் கணக்கை வகுத்த பாரீஸ்காரர் ஃபூர்னியேயே அலங்கார எழுத்துகள் செதுக்கியவர் என்று பிற்பாடு படித்தேன். 1957-ல் ஜான் பீட்டர்ஸ் மோனோடைப் நிறுவனத்துக்காக வரைந்த காஸ்டெல்லர் எழுத்துருவும் ஏறக்குறைய கூட்டின் குடும்பம்தான். வெள்ளைக்கோடு ஓடும் பெரிய எழுத்துகள் மட்டும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு அது என் மடிக்கணினிக்கே வந்து இறங்கியிருக்கிறது. ஏ-க்கள் எத்தனை வேண்டுமானாலும்! ஆசை தீர ஒரு பக்கம் முழுக்க ஏ அடித்துப் பார்த்தேன். ஐந்தாவதிலேயே சலித்துவிட்டது.

சென்ற மாதம் பேத்தி தன் கல்யாணப் பத்திரிகையைக் கைபேசியில் காட்டினாள். அதே கூடு. ஆனால் ஓரங்கள் தேய்ந்து, உள்ளே அங்கங்கே மை இறங்கியிருந்தது. “வின்டேஜ் லுக், தாத்தா. இந்தக் கறைக்குத் தனியா காசு கொடுத்தேன்” என்றாள். அந்தக் கறைக்காகத்தான் நான் எத்தனை முறை குட்டு வாங்கினேன் என்று சொன்னால் நம்பவா போகிறாள்?

பீரோவிலிருந்து நாகராஜன் - மங்களம் பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவள், திரையைப் பெரிதாக்குவதுபோல் அட்டைமேல் இரண்டு விரலை விரித்தாள், பிறகு சிரித்தாள். மங்களத்தின் கடைசி ஏ-வுக்கு நான் அரைஞாண் கட்டவே இல்லை.