காந்தத்துக்கு மரம் கேட்காது

சுருட்டுப் பெட்டியில் கிடார் செய்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. பெட்டியின் குரல் போதும், மின்சாரம் கிட்டேயே வரக் கூடாது என்பது முதல் கட்சி. காந்தப் பிக்கப் வைத்து ஆம்ப்பில் சொருகினால்தான் அது கிடார் என்பது இரண்டாவது கட்சி. நடுவில், மலிவான பீசோ வில்லை ஒன்றை மூடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சிரித்துவைக்கிற கூட்டணிக்காரர்களும் இருக்கிறார்கள். நான் கொஞ்ச காலம் கூட்டணியில் இருந்துவிட்டு இரண்டாவது கட்சிக்குத் தாவியவன். தாவியதற்குக் காரணம் கொள்கை இல்லை, சட்டைப் பொத்தான்.

பீசோ வில்லை பெட்டியின் அதிர்வைக் கேட்கும் சாதனம். பெட்டியில் எது பட்டாலும் அதற்குச் சங்கீதம்தான். பொத்தான் உரசினால் ஆம்ப்பில் இடி இடிக்கும். உள்ளங்கை நகர்ந்தால் மணல் லாரி கவிழும். தந்தியை மீட்டுவதைத் தவிர மற்றதெல்லாம் கணீரென்று கேட்கும். காந்தப் பிக்கப் இதற்கு நேர் எதிர். அது எஃகுத் தந்தியைத் தவிர உலகத்தில் வேறு எதையும் மதிக்காது. அப்படி ஒரு மனவுறுதி எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவில், யார்க் பக்கம். இங்கே ரெட் லயன் என்று ஒரு சிற்றூர். ஒரு காலத்தில் சுருட்டுத் தொழிலுக்குப் பேர்போன ஊர். புத்தாண்டு இரவில் நியூயார்க்கில் ஒளிப்பந்தை இறக்கும்போது, இவர்கள் ராட்சதச் சுருட்டு ஒன்றை உயரே ஏற்றுவார்கள். இப்படிப்பட்ட வட்டாரத்தில் பழைய சாமான் விற்கும் வாசல்களில் காலிச் சுருட்டுப் பெட்டி கிடைப்பது அதிசயமில்லை. அப்படி நான் வாங்கிய ஒன்றை வீடியோ அழைப்பில் என் அம்மா பார்த்துவிட்டதுதான் விபரீதம்.

“ஏன்டா, சுருட்டுப் பெட்டி எதுக்கு? கருப்பசாமிக்குப் படைக்கவா?”

“இல்லம்மா, கிடார் செய்ய.”

“அதுல இருந்த சுருட்டெல்லாம் எங்க?”

“வாங்கும்போதே காலிம்மா.”

“எல்லாரும் அப்படித்தான்டா சொல்வாங்க.”

அம்மா திருச்சிக்காரி. உறையூர்ச் சுருட்டின் ஊர். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் வந்த தன் முதல் கதையிலேயே, கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே சொல்லிவிடுகிறார். அந்த மண்ணில் பிறந்தவளிடம் காலிப் பெட்டிக் கதையெல்லாம் எடுபடுமா?

ஆனால் காலிப் பெட்டிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. எட்வின் ஃபோர்ப்ஸ் என்ற ஓவியர் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களங்களில் சுற்றியவர். 1876இல் அவர் வெளியிட்ட ஒரு செதுக்கோவியத்தில், பாசறையில் ஒரு சிப்பாய் சுருட்டுப் பெட்டிப் பிடிலை வாசித்துக்கொண்டிருக்கிறான். டேனியல் கார்ட்டர் பியர்ட், பின்னால் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1884இலேயே சுருட்டுப் பெட்டியில் பேஞ்சோ செய்யும் விதத்தைச் சிறுவர்களுக்காக எழுதிவிட்டார். ப்ளூஸ் கலைஞர் லைட்னின் ஹாப்கின்ஸ் சிறுவயதில் வாசித்ததும் இப்படி ஒன்றுதான் என்பார்கள். இப்படி வாசித்தவர்களில் பலருக்குக் கிடார் வாங்கக் காசில்லை. 2012 டிசம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் பால் மெக்கார்ட்னி சுருட்டுப் பெட்டிக் கிடாரோடு வந்து நின்றார். அவருக்குக் காசில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

என்னுடையதில் மூன்று தந்தி. ஜி, டி, ஜி என்று சுருதி கூட்டுவது வழக்கம். என் மனைவி வீணை கற்றவள். அதனால் எங்கள் வீட்டில் இந்தக் கிடாருக்கும் தண்டி, குதிரை, பிரடை, மெட்டு என்ற பெயர்கள்தான். முதல் முறை சுருதி கூட்டிக் காட்டியபோது அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

“ச, ப, ச. இது தம்புராங்க. அதுலயும் ஒரு தந்தி குறையுது. இதுக்கு எதுக்கு இத்தனை மெட்டு?”

பதில் இல்லாத கேள்விகளுக்கு நான் ஆயுதங்களை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

பிக்கப்பை நானே சுற்றலாம் என்று ஓர் ஆசை இருந்தது. ஆறு தந்திக் கிடாரின் சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்பில் தலைமுடி அளவு, 0.06 மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 7,000, 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். கம்பி எங்கே அறுந்தாலும் ஆரம்பத்திலிருந்து. கடையில் வாங்கினேன்.

வாங்கி வந்த பிறகுதான் வேடிக்கை. காந்தப் பிக்கப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பெட்டிக்குள் போட இடம் கிடையாது. சுருட்டுப் பெட்டிக் கிடாரில் தண்டி பெட்டிக்கு வெளியே நின்றுவிடுவதில்லை. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வரும் ஒரே கட்டை அது. மூடிக்கு நேர் கீழே, தந்திகளுக்கு நேர் கீழே, அதாவது பிக்கப் எங்கே உட்கார வேண்டுமோ அங்கேதான் அந்தக் கட்டை ஓடுகிறது. இங்கே ஒன்றுக்கு இரண்டு அங்குலம் என்று விற்கும் அந்தக் கட்டை உண்மையில் முக்கால் அங்குலம்தான் கனம், 19 மில்லிமீட்டர். பிக்கப்பின் ஆழமும் ஏறக்குறைய அவ்வளவே. எனவே தண்டியைக் குடைந்தாக வேண்டும். எவ்வளவு? கிட்டத்தட்ட முழுவதும்.

மூன்று தந்தியும் சேர்ந்து சுமார் 20 கிலோ இழுவையில் இழுக்கின்றன. ஓர் அரிசிச் சிப்பத்தை ஒரு குச்சியின் நுனியில் கட்டிவிட்டு, குச்சியின் நடுவில் உளியை வைக்கிற காரியம். குடைந்த இடத்தின் இரண்டு பக்கமும் மேப்பிள் பட்டைகளை வச்சிரம் தடவி இறுக்கி, ராத்திரி முழுக்கக் கிளாம்ப் போட்டு வைத்தேன். தண்டி இப்போது நடுவில் மட்டும் கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது. பெட்டியை மூடினால் தெரியாது. எனக்கு இருக்கும் வசதி அதற்கும் இருக்கட்டும்.

அடுத்தது மூடி. மூடியில் தாடி வைத்த ஒரு கனவான், பின்னால் தங்க முலாம் பூசிய சூரியன். பிக்கப்புக்காக நீள்சதுர ஓட்டை போட வேண்டும். எங்கே போடுவது என்பதற்குச் சாஸ்திரம் இருக்கிறது. குதிரையை ஒட்டிப் போட்டால் ஓசை கூர்மையாக, தகரம்போல வரும். தண்டிப் பக்கம் தள்ளிப் போட்டால் உருண்டு திரண்டு வரும். நான் உருண்டை ஓசைக்காரன். சாஸ்திரப்படி அளந்து கோடு போட்டால் கோடு சரியாகக் கனவானின் மூக்கில் விழுந்தது. மனைவி மாடிப்படியில் நின்று பார்த்தாள்.

“மூக்கை அறுத்துடாதீங்க, பாவம். நல்ல குடும்பத்து ஆளு மாதிரி இருக்காரு.”

குதிரைப் பக்கமாக இறக்கி, தாடிக்குக் கீழே கோட்டுப் பொத்தான் வரிசையில் அறுத்தேன். ஓசை கொஞ்சம் கூர்மையாகிவிட்டது. ஒரு மனிதரின் மானம் தப்பியது. அறுக்கும்போது எழுந்த வாசனையைத்தான் சொல்ல வேண்டும். நல்ல சுருட்டுப் பெட்டிகளை ஸ்பானிஷ் செடார் மரத்தில் செய்வார்கள். அது வேப்பமரத்தின் குடும்பம். அறுத்த தூளில் மிளகும் சந்தனமும் கலந்தாற்போல ஒரு மணம், அடியில் பழைய புகையிலை. அன்றைக்கு அம்மா அழைத்தபோது வீடியோவில் வாசனை போகாதது நல்லதாயிற்று.

பிக்கப்பில் ஆறு காந்தத் தூண்கள், என்னிடம் மூன்று தந்திகள். மூன்றுக்கு வேலை, மூன்று வேடிக்கை பார்க்கும். வேலை செய்கிற தூண்களுக்கு நேர் மேலே தந்தி வர, குதிரையில் புதிதாகப் பள்ளம் அராவினேன். பிறகு பிக்கப்பின் உயரம். தந்திக்கும் காந்தத்துக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ரொம்ப நெருங்கினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும், சுருதி தள்ளாடும். ஓசை பெரிதாக வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இரும்புத்தூளும், வெட்டிப்போட்ட தந்தித் துணுக்கும், காணாமல் போனதாக நான் கைவிட்ட சிறு திருகாணியும் தாமாகவே வந்து காந்தத்தில் ஒட்டியிருந்தன.

வயரிங் சுலபம். பிக்கப்பிலிருந்து இரண்டு வயர், ஒரு வால்யூம் பாட், ஒரு ஜாக். சால்டரிங் அயர்னைக் காய வைத்து ஈயத்தை உருக்கினால் முடிந்தது. மறக்கக் கூடாதது மூன்றாவது வயர் ஒன்று, தந்திகளைக் கட்டிய உலோகத் தகட்டிலிருந்து எர்த்துக்குப் போவது. வாசிப்பவரின் உடம்பு வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை வாங்கிப் பிக்கப்புக்குக் கடத்தும். இந்த வயர் இருந்தால், தந்தியைத் தொட்டதும் அதே உடம்பு இரைச்சலைத் தடுக்கும் திரையாகிவிடும். கையை எடுத்தால் மறுபடி ரீங்காரம். ஆகவே வாசிக்காதபோதும் வாசிப்பவர் தந்தியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேடையில் கிடார்க்காரர்கள் ஏதோ யோசனையில் தந்திமேல் கை வைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேருக்கு யோசனையெல்லாம் ஒன்றும் கிடையாது.

அப்படியும் அடங்காத ரீங்காரம் ஒன்று உண்டு. அது ட்ரான்ஸ்பார்மர்களிலிருந்து கிளம்பும் காந்தப்புலம். சுருள் அதை ஏரியல்போல வாங்கிக்கொள்ளும். கிடாரைத் திருப்பினால் கூடும், குறையும். அறையில் மெல்லச் சுற்றிச் சுற்றி, எந்தத் திசையில் அடங்குகிறது என்று பார்த்து அங்கே உட்கார வேண்டும். எங்கள் கீழ்த்தளத்தில் அது ஈசானிய மூலை. மேலை நாட்டு விஞ்ஞானம் கடைசியில் எங்கே கொண்டுவந்து விடுகிறது பாருங்கள். இந்த ரீங்காரத்துக்காகவே 1955இல் கிப்சன் கம்பெனியின் செத் லவர் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள், வரும் இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அழியும். அதற்கு இரண்டு பங்கு ஓட்டை வேண்டும். கனவானுக்குத் தாங்காது.

எல்லாம் முடிந்து ஆம்ப்பைப் போட்டேன். தந்தியை மீட்டினேன், தேன். பெட்டியை விரலால் தட்டினேன், சத்தமில்லை. பொத்தானை உரசினேன், இல்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. காந்தம் தந்தியைக் காந்தமாக்குகிறது, தந்தி ஆடும்போது புலம் ஆடுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே சொன்னது இவ்வளவுதான். இதில் பெட்டி எங்கே வருகிறது? தந்தி எவ்வளவு நேரம் அதிரும் என்பதில் கொஞ்சம் கை வைக்கும், அவ்வளவே. செடாரும் சந்தன மணமும் தாடிக்காரரும் இந்த வியாபாரத்தில் பங்குதாரர்களே இல்லை.

உண்மையில் காந்தப் பிக்கப் வந்த பிறகு பெட்டியே தேவையில்லாமல் போயிற்று. ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1930களின் தொடக்கத்தில் செய்த மின்கிடார் முழு அலுமினியம். வட்ட உடம்பும் நீளக் கைப்பிடியுமாக இருந்ததால் ‘வாணலி’ என்றே அதற்குப் பெயர். 1940ஐ ஒட்டி லெஸ் பால் ஒரு பைன் கட்டையில் தந்தியும் பிக்கப்பும் வைத்து வாசித்தார். நன்றாகத்தான் கேட்டது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பழைய கிடாரை நெடுக்காக அறுத்து இரண்டு பாதியையும் கட்டையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு மறுபடி வந்தார். ஓசை அதேதான், இப்போது எல்லோருக்கும் பிடித்தது. பெட்டியிலிருந்து விடுதலை தந்த பொருளை, உளியும் ரத்தமும் சிந்தி நான் பெட்டிக்குள் புதைத்திருக்கிறேன்.

ஆனால் பெட்டி அவ்வளவு சுலபத்தில் தோற்கவில்லை. ஆம்ப்பைக் கொஞ்சம் ஏற்றினேன். மூடியைத் தட்டினேன். மெல்லிய ‘டொக்’. மலிவான பிக்கப்பில் சுருள் தளர்ந்திருக்கும். பெட்டி அதிர்ந்தால் கம்பிகளும் காந்தத்தோடு ஒட்டாமல் தனியே நடுங்கும், அந்த நடுக்கம் ஓசையாகும். இன்னும் ஏற்றினால் கீச்சென்று கத்தும். இதற்கு மருந்து மெழுகு. பாரஃபினில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, சுமார் 65 டிகிரியில் உருக்கி, பிக்கப்பை முக்கி எடுத்தால் சுருள் இறுகி ஊமையாகிவிடும். இதற்குப் பழைய பாத்திரம் ஒன்று கேட்டேன். “எந்தப் பாத்திரமும் பழசு இல்லை” என்று பதில் வந்தது. நல்லதாயிற்று. மெழுகு போட்டிருந்தால் அந்த ‘டொக்’ போயிருக்கும். பெட்டிக்கு இருக்கும் ஒரே வாய் அது.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், முதல் கட்சியின் மூத்த தொண்டர். மின்சாரம் என்றால் முகம் சுளிப்பார். வந்து கேட்டார், ஆம்ப்பின் வலையிலிருந்து வந்ததைத்தான் கேட்டார், கண் மட்டும் தாடிக்காரர் மேலேயே இருந்தது. இந்தப் பழைய செடார் பெட்டிகளின் நாதம் வேறு எதற்கும் வராது என்று சொல்லி, மூடியை அன்போடு தடவிவிட்டுப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

மனைவிக்குப் பிரச்சினை நாதமில்லை, ரீங்காரம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அது ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் சரி நடுவில் நிற்கிற ஒரு சுரம், எந்த ஆர்மோனியத்திலும் கிடையாது. என் தந்திகளோ ஐந்து கட்டை. “பின்னாடி ஒருத்தர் அபசுரமா சுருதி போட்டுக்கிட்டே இருக்கார், எப்படிங்க பாடறது?” என்கிறாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீழ் ஜி 49. ஐந்து கட்டையை இம்மி தூக்கி வைத்தால், மின்வாரியமே இலவசமாகத் தம்புரா போடும். அடுத்த முறை திருச்சிக்குக் கிடாரைக் கொண்டுபோவதாகத் தீர்மானம். என் ஆம்ப் 120 வோல்ட், அதற்கு ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் தேவைப்படும். அதுவும் இரையும். இரையட்டும், அதே சுருதியில்தானே.