இடஞ்சுட்டிப் பொருள் விளக்குபவர்

தமிழ் வினாத்தாளில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்றொரு பகுதி வருமே, நினைவிருக்கிறதா? நம்மில் பலர் பள்ளியோடு அதைத் தலைமுழுகிவிட்டோம். நம்மவர் ஒருவர் மட்டும் விடவில்லை. இன்றும் தினமும் விடை எழுதிக்கொண்டிருக்கிறார். செய்யுள்தான் மாறிவிட்டது. மஞ்சள் தோலும் நாலே விரலுமாக ஒரு குடும்பம் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் 1989 டிசம்பரிலிருந்து ஒரு வயதும் ஏறாமல் வாழ்ந்துவருகிறதே, அந்த ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடர்தான் அவருக்குப் பாடநூல்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். மென்பொருள் வேலை. ஹாஸ்டல் டிவியில், ஸ்டார் வேர்ல்ட் காலத்தில் பிடித்த பழக்கம். நல்ல மனிதர், கேட்டால் கைமாற்றுகூடக் கொடுப்பார். ரிமோட்டை மட்டும் கொடுக்க மாட்டார்.

அவர் வீட்டில் இருபத்திரண்டு நிமிட எபிசோடு ஒன்றேகால் மணி நேரம் ஓடும். டைட்டில் முடிவதற்குள்ளேயே முதல் நிறுத்தம். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போது கைக்குழந்தை மேகியையும் சாமானோடு சாமானாக ஸ்கேன் செய்துவிடுவார்கள். கல்லாவில் ஒரு தொகை மின்னி மறையும். பழைய எபிசோடுகளில் அது 847 டாலர் 63 சென்ட்.

“ஏன் அந்தத் தொகைன்னு யாருக்காவது தெரியுமா?” என்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் பயனில்லை, பதில் தயாராக இருக்கிறது. “அமெரிக்காவுல ஒரு குழந்தையை வளர்க்க மாசம் அவ்வளவு ஆகும்னு அப்போ ஒரு கணக்கு.”

“ஸ்கூல் ஃபீஸ் கட்டின அன்னைக்கு இதையெல்லாம் சொல்லாதீங்க” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

முழுக்க அவரையே குறை சொல்லவும் முடியாது. வீட்டுக்கு வீடு வீடியோ ரெக்கார்டர் வந்த காலத்தில் பிறந்த தொடர் இது. படத்தை நிறுத்திப் பார்க்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, கடைப் பலகையிலும் செய்தித்தாள் தலைப்பிலும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு நகைச்சுவையை எழுதிவைத்தார்கள். தூண்டிலைப் போட்டது அவர்கள். மீன் இப்போது சோபாவில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களுக்குப் புழுவின் வரலாற்றை விளக்குகிறது.

‘கேப் ஃபியர்’ என்று 1993இல் வந்த எபிசோடு. சைட்ஷோ பாப் என்ற வில்லன் காருக்கடியிலிருந்து வெளியே வருகிறான். சுற்றிலும் சருகு வாரும், பல் வைத்த நீளக் கம்புகள் கிடக்கின்றன. பல்லில் கால் வைக்கிறான். கம்பு எழுந்து மூஞ்சியில் அறைகிறது. ஒரு முனகல். திரும்பினால் இன்னொரு கம்பு. அறை, முனகல். மூன்றாவது அறையில் சிரிப்பு நின்றுவிடும். ‘என்னடா இது’ என்று தோன்றும். ஆறாவதில் காரணமே இல்லாமல் மறுபடி சிரிப்பு வரும். மொத்தம் ஒன்பது. எபிசோடின் நீளம் போதவில்லையாம், அதை இட்டு நிரப்ப இழுத்த இழுவை இது. உலகத்தில் இதைவிட லாபமான சிக்கனத்தை நான் பார்த்ததில்லை.

அவருடைய பையனும் பெண்ணும் தரையில் உருண்டு சிரிக்கிறார்கள். நம்மவர் சிரிக்கவில்லை. “இது 1991இல் மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த ‘கேப் ஃபியர்’ படத்தைக் கிண்டல் பண்றது. அதுவே 1962இல் வந்த படத்தோட மறு ஆக்கம். அந்தப் படம் 1957இல் வந்த ஒரு நாவல்லேர்ந்து…” அவர் 1957க்குப் போய்ச் சேர்ந்தபோது பாப் ஒன்பது அறையும் வாங்கி முடித்து ஊர் போய்ச் சேர்ந்திருந்தான்.

பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கொள்வார் என்பார்கள். நம்மவர் அந்தப் பரம்பரை. சிம்ப்சன் குடும்பத் தலைவர் ஹோமர் சும்மா மாடிப்படி ஏறினாலும் ‘சைக்கோ’ படம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் ‘ரியர் விண்டோ’. கொட்டாவி விட்டால் யோசிப்பார், ஏதாவது கிடைக்கும்.

இதில் ஒரு ரகசியம் உண்டு. மூலப்படங்களில் பாதியை அவர் பார்த்ததில்லை. ‘சிட்டிசன் கேன்’ படத்தைப் பற்றி அவர் சொல்லாத தகவல் கிடையாது. அத்தனையும் அதே 1993இல் வந்த ‘ரோஸ்பட்’ எபிசோடு வழியாக வந்தது. அதில் கோடீஸ்வரக் கிழவர் பர்ன்ஸ், சின்ன வயதில் தொலைத்த பொம்மைக் கரடிக்காக ஏங்குவார். பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மவர் ஆர்சன் வெல்ஸின் 1941ஆம் வருடத்து மூலத்தைப் பார்க்க உட்கார்ந்தார். கடைசிக் காட்சி முடிந்ததும், “கரடியைக் காணோமே” என்றார். ஏமாற்றம் நிஜமானது. பிரதியைப் பார்த்துவிட்டு மூலத்துக்குப் போனால், மூலம்தான் எதையோ விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஸ்பிரிங்ஃபீல்ட் மளிகைக் கடைக்காரர் அபுவுக்கு அந்தப் பெயர் சத்யஜித் ராயின் படங்களில் வரும் அபுவிடமிருந்து வந்தது. அதை நம்மவர் எந்த விருந்திலும் சொல்லாமல் விட்டதில்லை. கூடவே, அபுவுக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா அமெரிக்க வெள்ளைக்காரர் என்பதையும், இந்திய வம்சாவளியினரின் விமர்சனத்துக்குப் பிறகு 2020இல் விலகிக்கொண்டார் என்பதையும் நியாயமாகவே சொல்வார். “சரி, அந்த அபு வரும் ‘பதேர் பாஞ்சாலி’ எப்படி?” என்று கேட்டால் மட்டும் தட்டில் இருக்கும் கட்லெட் மேல் கவனம் போய்விடும். கொல்கத்தாவிலிருந்து ராய் நம் ஆளிடம் வந்து சேர ஸ்பிரிங்ஃபீல்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அவருடைய வாழ்நாள் சாதனை என்றால் அது கணித மேதை ஃபெர்மா விஷயம்தான். 1995 ஹாலோவீன் எபிசோடில் ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் விழுந்துவிடுவார். பின்னால் எண்கள் மிதக்கும். அங்கே ஒரு சமன்பாடு: 1782இன் பன்னிரண்டாம் அடுக்கையும் 1841இன் பன்னிரண்டாம் அடுக்கையும் கூட்டினால் 1922இன் பன்னிரண்டாம் அடுக்கு. அப்படி முழு எண்கள் இருக்கவே முடியாது என்றுதான் ஃபெர்மா பதினேழாம் நூற்றாண்டில் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு ஆண்ட்ரூ வைல்ஸ் தந்த நிரூபணம் அச்சில் வந்ததும் அதே 1995இல்தான். தொடரின் எழுத்தாளர் டேவிட் கோஹன், கிட்டத்தட்டச் சரியாக வரும் எண்களைத் தேட ஒரு கம்ப்யூட்டர் நிரலே எழுதினாராம்.

நம்மவர் பரணிலிருந்து தன் இன்ஜினியரிங் காலத்துக் கால்குலேட்டரை இறக்கினார். பேட்டரி போட்டார். திரையில் பத்து இலக்கம்தான். கூட்டி, பன்னிரண்டாம் மூலம் எடுத்தார். 1922 என்று வந்தது. சுற்றிலும் கம்பீரமாகப் பார்த்தார். “முந்நூறு வருஷத்துக் கணக்கையே பொய்யாக்கின மாதிரி இருக்கு பார்த்தீங்களா? உண்மையில 1921.99999995ன்னு போகும். கால்குலேட்டர் ரவுண்ட் பண்ணிடும். இதைக் கண்டுபிடிக்க நிறைய மேத்ஸ் வேணும்.”

எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் பிஸ்கட்டைக் கடித்தபடி சொன்னாள்: “எதுக்குப்பா கால்குலேட்டர்? 1782 இரட்டைப்படை, எத்தனை தடவை பெருக்கினாலும் இரட்டைப்படைதான். 1841 ஒற்றைப்படை. ரெண்டையும் கூட்டினா ஒற்றைப்படைதானே வரும்? 1922 இரட்டைப்படை ஆச்சே.”

அறையில் கால்குலேட்டர் மட்டும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளாமல் 1922 என்றே காட்டிக்கொண்டிருந்தது. நம்மவர் ஒரு மடக்குக் காபி குடித்தார். “கரெக்ட். அதுதான் ஜோக்கே” என்றார்.

இவருக்கும் ஒரு எதிரி உண்டு. ‘சிம்ப்சன்ஸ் அன்றே சொன்னது!’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெரியப்பா. டிரம்ப் அதிபராவார் என்று 2000இல் வந்த எபிசோடில் ஒரு வசனம் இருப்பது நிஜம். ஃபாக்ஸ் பட நிறுவனம் டிஸ்னியின் கிளை என்று 1998இல் ஒரு பலகை காட்டினார்கள், 2019இல் அப்படியே ஆனது, அதுவும் நிஜம். எழுநூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகளில் எறிந்த கல்லில் சில மாங்காய் விழத்தானே செய்யும்? ஆனால் பெரியப்பாவுக்கு வருவதில் பல, பிற்பாடு யாரோ கம்ப்யூட்டரில் வரைந்த படங்கள். நம்மவர் ஒவ்வொன்றுக்கும் சீசன் எண், எபிசோடு எண்ணோடு மறுப்பு எழுதுவார். பெரியப்பா கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த தீர்க்கதரிசனத்துக்குப் போய்விடுவார்.

நம்மவர் மாதிரி ஓர் ஆள் ஒருநாள் வருவார் என்று அந்தத் தொடரே எதிர்பார்த்துப் படம் வரைந்து வைத்திருக்கிறது. போன வாரம் அந்த எபிசோடு ஓடியது. காமிக்ஸ் கடையில் ஒரு கார்ட்டூனின் குரல் கலைஞர்கள் ரசிகர்களைச் சந்திக்கிறார்கள். ஒரு ரசிகர் எழுந்து, 2எஃப்09 எபிசோடில் கார்ட்டூன் எலி, பூனையின் எலும்பைச் சைலஃபோன் மாதிரி தட்டும்போது, ஒரே விலா எலும்பில் அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தும் இரண்டு வேறு ஸ்வரம் வந்தது எப்படி என்று வழக்குத் தொடுக்கிறார். பிறகு குண்டான கடைக்காரர், விசுவாசமான ரசிகனான தனக்கு அந்தக் கார்ட்டூன் கடன்பட்டிருக்கிறது என்கிறார். இலவசமாக இத்தனை ஆயிரம் மணி நேரம் சிரிக்க வைத்தார்களே, அவர்கள் உனக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று சிம்ப்சன் வீட்டுப் பையன் பார்ட் திருப்பிக் கேட்கிறான்.

வீடே நம்மவர் முகத்தைப் பார்த்தது. அவர் ரிமோட்டை எடுத்தார். படம் நின்றது.

“2எஃப்09ங்கிறது சும்மா போட்ட நம்பர் இல்லை. நம்ம சிம்ப்சன்ஸ்லயே ‘ஹோமர் தி கிரேட்’ எபிசோடோட தயாரிப்பு எண். 1995.”

“அப்பா, அது உங்களைத்தான் கிண்டல் பண்றாங்க” என்றாள் பெண்.

“தெரியும்மா” என்றார் அவர் பெருமிதத்தோடு. “எட்டாவது சீசன், 1997 பிப்ரவரி.”