கார்டு வாங்கலாமா?

கே: பட்டறை டிராயிங், பில் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். எந்த ரெய்டு கன்ட்ரோலர் கார்டு வாங்கலாம்?
- ஒரு வாசகர், ஒரகடம்

ப: இரண்டே டிஸ்க் என்றால் கார்டே வேண்டாம். லினக்ஸே ரெய்டு 1 போட்டு, எழுதுவதையெல்லாம் இரண்டிலும் எழுதிவிடும். நாலைந்து டிஸ்க்கில் ரெய்டு 5 என்றால் கார்டு பார்க்கலாம். விலைக்கு முன், கேஷ் மெமரிக்கு பேட்டரி உண்டா என்று கேளுங்கள். கரண்ட் போனதும் பாதி வழியில் நிற்கும் பில்லைக் காப்பது அதுதான். கார்டே புகைந்தால், பெரும்பாலும் அதே ரகக் கார்டு கிடைக்கும்வரை டிஸ்க்குகள் மௌன விரதம். 1988-ல் பெர்க்லியில் மூவர் ரெய்டைச் சொன்னதே மலிவான டிஸ்க்குகளை வைத்துச் சமாளிக்கத்தான். இன்றைய கார்டு விலையை அவர்களிடம் காட்டாதீர்கள்! இன்னொன்று: தவறி அழித்த ஃபைலை ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் விசுவாசமாக அழிக்கும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, தினமும் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.