'சி'யில் ஐந்து சொல்

கேள்வி: 'சி'யில் ஆரம்பிக்கும் ஐந்து ஆங்கிலச் சொற்களை அர்த்தத்தோடு எழுதி வரச் சொன்னார்களாம். என் பையன் 'கேட்', 'கப்' தாண்டவில்லை!
- ஒரு வாசகி, கே.கே. நகர், திருச்சி

பதில்: டிக்‌ஷனரியை மூடிவிட்டு, ஆங்கிலம் நம்மிடம் வாங்கிய பழைய கடனை வசூல் பண்ணுங்கள், அம்மா! கறி அங்கே 'கர்ரி'. குருந்தக்கல் 'கொரண்டம்'. மலையாளக் கரை வழியாகப் போன கயிறு 'காயர்', அதாவது தேங்காய் நார். கட்டுமரம் 'கேட்டமரான்'. அர்த்தம் எழுதும்போது மட்டும் உஷார்: நமக்கு அது சேர்த்துக் கட்டிய மரங்கள், அவர்களுக்கு இரட்டை உடல் படகு. ஐந்தாவது உங்கள் ஊர்ச் சரக்கு. சுருட்டுதான் 'ஷெரூட்', இரு முனையும் வெட்டியது. 1887-ல் வந்த முதல் கதையிலேயே ஷெர்லாக் ஹோம்ஸ், சாம்பலை வைத்தே திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். பையன் அர்த்தம் எழுதினால் போதும், சாம்பிள் கொண்டுபோக வேண்டாம்!