வேட்டிக்கு ஒரு சிலை

1902-ல் பர்மிங்ஹாமில் பிராங்க் கிளார்க் என்றொரு துப்பாக்கி செய்பவர் இருந்தார். படுக்கையை விட்டு எழாமல் டீ குடித்தாக வேண்டும், அதுதான் மனுஷனின் லட்சியம். அலாரம் அடித்ததும் தீக்குச்சி தானே உரசிக்கொள்ளும், ஸ்பிரிட் அடுப்பு பற்றும், தண்ணீர் கொதித்து ஆவி தள்ள, கெட்டில் சாய்ந்து டீப்பானையை நிரப்பும். இதற்குக் காப்புரிமை வேறு. தலைமாட்டில் நெருப்பையும் ஸ்பிரிட்டையும் வைத்துக்கொண்டு படுத்தவன் விடிய விடிய விழித்துத்தான் இருந்திருப்பான். அலாரம் எதற்கு?

மறுவருஷம் அமெரிக்காவில் ராபர்ட்டா லாசன், மேரி மெக்லாரன் என்ற இரண்டு பெண்கள் பருத்தி வலைத்துணியில் சின்னப் பை தைத்துக் காப்புரிமை வாங்கினார்கள். ஒரு கோப்பைக்காக ஒரு பானை டீ போட்டு மீதியைக் கொட்டுவானேன் என்ற குடும்பக் கணக்கு. ஆனால் பேர் போய்ச் சேர்ந்தது தாமஸ் சல்லிவன் என்ற நியூயார்க் வியாபாரிக்கு. 1908 வாக்கில் அவர் பட்டுப் பையில் சாம்பிள் அனுப்பினாராம். வாங்கியவர்கள் பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே வெந்நீரில் போட்டார்களாம். வாடிக்கையாளரின் சோம்பலால் வியாபாரி கண்டுபிடிப்பாளர் ஆனார்.

இனி மூணாறு பக்கத்துச் சின்னக்கானலுக்கு வருவோம். மலை முழுக்கத் தேயிலை, கொழுந்து கிள்ளுவது நம் தமிழ்ப் பெண்கள். நல்ல இலை கப்பலேறி லண்டன் போன காலத்தில் சல்லடையில் கடைசியாக விழுந்த தூள் நமக்கு. போதாக்குறைக்கு 1930 வாக்கில் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கர்ச்சர் என்ற துரை, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. எந்திரத்தைக் கொண்டுவந்தார். தூளுக்குத் தூள் ஆயிற்று. இதைத் துரைசானியின் பீங்கான் பானையில் போட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

டீக்கடைக்காரர் அசரவில்லை. கம்பி வளையம், பிடிக்க ஒரு கைப்பிடி, கீழே நீளத் துணிப்பை. தூளைப் போட்டு வெந்நீரை ஊற்று, தூக்கு, வடிந்ததையே மறுபடி ஊற்று. சாறு முழுக்க இறங்கும் வரை விடாதே. பாலும் சர்க்கரையும் கூட்டி இலையைக் குறைக்கிறான் என்று தேயிலைப் பிரசாரகர்களுக்கு அப்போது ஏகக் கோபம். பின்னே, அவர்கள் லாபமெல்லாம் அந்தப் பைக்குள் அல்லவா மாட்டிக்கொண்டது! இதற்கு வரைபடமில்லை, காப்புரிமையில்லை. முதல் மாதிரிக்கு எவர் வேட்டி கிழிந்ததோ, அந்த வேட்டிக்காவது ஒரு சிலை வைத்திருக்கலாம்.

சின்னக்கானலில் ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றினார்கள். சுற்றிலும் ஓசியில் நின்ற தேயிலையை அவன் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பை இல்லாமல் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யானைக்கே தெரிந்திருக்கிறது.