ஸ்கேனர் சார்

பார்க்கிங்கில் எந்த வண்டியின் பானெட் திறந்தாலும் அடுத்த நிமிடம் லிஃப்ட் கதவும் திறக்கும். உள்ளேயிருந்து ஸ்கேனர் சார் வருவார். அவரை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பானெட் விடுபடும் ‘டொக்’ சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்கும் என்று நிரூபித்தவர் அவர்தான்.

சென்னையில் இப்போது ஒவ்வொரு அடுக்குமாடியிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். சட்டைப்பையில் தீப்பெட்டி அளவில் நீல நிறக் கருவி ஒன்று இருக்கும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்கியது. ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் ஒளிந்திருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் அதைச் செருக வேண்டும். அந்தச் சாக்கெட்டைத் தேடித் தலையை உள்ளே விட்டால், வெளியே வரக் கால் மணி நேரமாகும். குடியிருப்பில் பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் பழக்கம்.

“இக்னிஷன் மட்டும் போடுங்க சார். ஸ்டார்ட் பண்ணாதீங்க!”

வண்டிக்காரர் ஸ்டார்ட் செய்துவிடுவார். திட்டு வாங்கிக்கொண்டு அணைப்பார். சாரின் போன் ப்ளூடூத்தில் முதலில் இரண்டாவது மாடி வீட்டு ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுத்து, கருவியோடு சேர்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைப் படிப்பார்.

“பி0122.” ஒரு நிமிட மௌனம். “த்ராட்டில் பொசிஷன் சென்சார். போச்சு.”

இன்ன எண் வந்தால் இன்ன கோளாறு என்று உலகத்துக்கெல்லாம் பொதுவாக வகுத்துவைத்த ஓபிடி-2 ஏற்பாடு அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலேயே கட்டாயமாகிவிட்டது. இந்தியாவுக்கு அது 2013 ஏப்ரலில்தான் வந்தது. நடுவே போன பதினேழு வருடமும் தனக்கு நேர்ந்த சொந்த நஷ்டம் என்பது சாரின் கணக்கு.

அவர் ‘போச்சு’ என்று கைகழுவிய அந்தச் சென்சார், த்ராட்டில் பாடியின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஆசாமி. காற்று போகும் வழியில் இருக்கும் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதன் ஒரே வேலை. கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுக்கும். கால் எடுத்திருந்தால் அரை வோல்ட்டை ஒட்டியும், முழுக்க மிதித்தால் நாலரை வோல்ட்டை ஒட்டியும் பதில் போகும். நடுவில் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். பழைய ரேடியோவின் வால்யூம் திருகில் நாம் தினமும் வைக்கும் இடம் மட்டும் தேய்ந்து கரகரக்குமே, பல கார்களில் இதற்குள்ளும் அதே மாதிரித் தடம்தான். நம் ஊரில் யார் முழுக்க மிதிக்கிறார்கள்? முதல் கால்வாசியிலேயே வாழ்க்கை ஓடுகிறது. தடமும் அங்கேதான் தேயும். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி இடறும், நின்றுகொண்டிருக்கும்போதே என்ஜின் உறுமி உறுமி அடங்கும், திருப்பத்தில் பொசுக்கென்று அணைந்துவிடும்.

இதுவரை சார் சொல்வதில் தப்பே கிடையாது. ஆனால் பி0122 என்ற எண்ணுக்கு அர்த்தம், அந்த வழியாக வரும் வோல்ட் இருக்க வேண்டியதைவிடக் குறைவு என்பது மட்டும்தான். சென்சார் தேய்ந்தாலும் அந்த எண் வரும். 5 வோல்ட் கொண்டுவரும் ஒயர் அறுந்தாலும் வரும். கனெக்டரில் பச்சை பூத்தாலும், எலி கடித்தாலும் வரும். இந்த எலி விஷயத்தை யாராவது எடுத்தால் சாருக்குக் கோபம் வந்துவிடும்.

“எலியெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது சார்!”

சிக்கலே அதுதான் என்று அவரிடம் சொல்லும் தைரியம் அங்கே யாருக்கும் இருப்பதில்லை.

அடுத்த கட்டம் மல்டிமீட்டர். சாரிடம் இருப்பது முள் ஆடும் பழைய மீட்டர். டிஜிட்டல் மீட்டரோடு யாராவது வந்தால் உதட்டைப் பிதுக்குவார். எண் மாறுவதற்குள் தேய்ந்த இடத்தின் கண நேர வெட்டு வந்து போய்விடும், முள் என்றால் துடித்துக் காட்டிக்கொடுக்கும் என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது முழுக்கச் சரி. கைதேர்ந்த பழைய எலக்ட்ரீஷியன்களும் இதையேதான் சொல்வார்கள். ஒயரை உரிக்காமல், கனெக்டரின் பின்பக்கமாகத் தையல் ஊசியைச் செருகி வோல்ட் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து குரல் வரும்: “ஏங்க, ஊசி டப்பா எங்க?”

“மெதுவா மிதிங்க… இன்னும் மெதுவா… ஐயோ, அவசரப்படாதீங்க சார், மறுபடி முதல்லேர்ந்து!”

வண்டிக்காரர் எதற்காகக் காலையில் கீழே இறங்கினோம் என்பதையே மறந்திருப்பார். ஆபீஸுக்கு ஆட்டோவில் போயிருக்கலாம்.

கேபிள் இல்லாத எலெக்ட்ரானிக் த்ராட்டில் வண்டி சிக்கினால் சாருக்கு அன்று திருவிழா. அதில் பாதுகாப்புக்காக இரண்டு சென்சார் வைத்திருப்பார்கள். ஒன்று சொல்வதோடு மற்றது ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் பயந்துபோய் வேகத்தைக் குறைத்து வண்டியை நொண்ட விடும். ஒருமுறை அப்படி பி2135 வந்தபோது சார் உற்சாகத்தில் கத்திவிட்டார்: “ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல சார்! ரொம்ப நாளாவே ஒத்துப்போகல!” மேலே நாலு பால்கனிக் கதவுகள் திறந்தன.

சாருக்குப் பிடித்த பொத்தான் ‘எரேஸ்’. அதை அழுத்தினால் டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு அணையும். வண்டிக்காரர் நெகிழ்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். பழுது வந்த நேரத்தில் என்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் ஓடியது என்று கம்ப்யூட்டர் குறித்துவைத்த தகவலும் சேர்ந்து அழிந்துபோயிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போடும் பையன் இதற்காகத்தான் தலையில் அடித்துக்கொள்வான். மறுநாள் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது விளக்கு திரும்ப எரியும். சாருக்கு அதில் வெட்கமே கிடையாது.

“வந்துடுச்சா? அப்போ கன்ஃபர்ம்.”

பிறகு வண்டிக்காரர் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்கு அனுப்பப்படுவார். கடைக்காரர் சேஸிஸ் நம்பர் கேட்பார், பிஎஸ்4-ஆ பிஎஸ்6-ஆ என்பார், “இதுக்கு சென்சார் தனியா வராது, த்ராட்டில் பாடியே மாத்தணும்” என்று ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகையை வீட்டில் எப்படிச் சொல்வது என்பது எந்த ஸ்கேனரிலும் வராத கோளாறு. வாங்கி மாட்டியும் விளக்கு எரிந்தால் சாரிடம் பதில் தயாராக இருக்கும்: “டூப்ளிகேட் தலையில கட்டிட்டான்.”

அந்த பி0122 வண்டியில் கடைசியில் மெக்கானிக் ஒருவர் கனெக்டரைக் கழற்றி, மழைத்தண்ணீர் பட்டுப் பச்சை பூத்த பின்னைச் சுத்தம் செய்து, ஸ்ப்ரே அடித்து, நிமிர்த்தி மாட்டிக் கொடுத்தார். விளக்கு அணைந்தது. இரண்டு வாரமாகியும் எரியவில்லை. செய்தி சாருக்குப் போனது.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே, த்ராட்டில் பொசிஷன் சென்சார் சர்க்யூட்னு. பின்னு சர்க்யூட்ல சேர்த்திதானே சார்?”

சேர்த்திதான். யாரால் மறுக்க முடியும்? ஆனால் அதைச் சொல்லும்போது அவர் குரலில் சுரத்தே இல்லை. சரியான வண்டி அவருக்கு வெறும் தகரம். அடுத்த நாளிலிருந்து அதைக் கடந்து போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவருடைய சொந்த வண்டி கார்புரேட்டர் காலத்து மாருதி 800. சோக்கை இழுத்தால் கிளம்பும். அதில் சாக்கெட் இல்லை, எண் இல்லை, ஒத்துப்போகாமல் இருக்க இரண்டு சென்சாரும் இல்லை. அது ரிப்பேரானதை யாரும் பார்த்ததில்லை. சாருக்கு அதுதான் வருத்தமோ என்னவோ.

அண்மையில் முதல் மாடிக்காரர் மின்சாரக் கார் வாங்கி வந்தார். சார் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். த்ராட்டில் பாடி இல்லை. காற்று உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. சார் சற்று நேரம் பேசவில்லை. கூடியிருந்தவர்களுக்கே சங்கடமாகிவிட்டது, ஒருவர் காபி சாப்பிடலாமா என்று கேட்டார். சார் அதைக் காதில் வாங்காமல் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“சார், ஆக்சிலேட்டர் பெடல் இருக்கே! பெடல் இருந்தா பெடல் பொசிஷன் சென்சார் இருந்தாகணும். அதுலயும் ரெண்டு சிக்னல். எங்க, மெதுவா மிதிங்க பார்ப்போம்.”

“நேத்துதான் சார் டெலிவரி எடுத்தேன். ஒரு பிராப்ளமும் இல்ல.”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன்,” என்றார் ஸ்கேனர் சார். “இன்னும் காட்டல.”